பறிப்பதா, விடுவதா?

மதுரை மல்லிகைத் தோட்டத்தில் ஒரு பொருளாதாரப் பாடம்

தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய நம் வீட்டு அம்மாள், கையிலிருந்த பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "கேட்டீங்களா அநியாயத்தை? மல்லிகைப்பூக் கிலோ இரண்டாயிரமாம்! இந்தத் தோட்டக்காரங்க எல்லாரும் இந்த வருஷம் மாடிவீடு கட்டிடுவாங்க!" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. வீட்டில் விலைவாசியைப் பற்றிப் பேச்சு எழும்போது மௌனமாயிருப்பது குடும்பஸ்தர்களுக்கு நல்லது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், அந்த வார்த்தைகளைக் கேட்டதும் நம் மனம் எட்டு மாதங்களுக்கு முன் கண்ட ஒரு காட்சிக்குப் போய்விட்டதுதான்.

அப்போது வைகாசி மாதம். திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கணக்குப் படித்த மாணவர் ஒருவருக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. அவ்வழியே போக நேர்ந்தபோது காலையில் அங்கே இறங்கினோம். முந்திய நாள் பறிக்காமல் விட்ட மொட்டுக்களெல்லாம் இரவில் மலர்ந்து, தோட்டம் முழுவதும் பச்சைத் துணியின்மேல் பாலைத் தெளித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. வாசனையோ வரப்பில் கால் வைக்கும்போதே ஆளை மயக்கியது. ஆனால் பூப்பறிக்கும் கூலிப்பெண்கள் ஒருவரையும் காணவில்லை.

"என்ன தம்பி, ஆள் வரவில்லையா?" என்று கேட்டோம்.

"நான்தான் வரச் சொல்லலீங்கய்யா. பறிச்சா நட்டம், பறிக்காட்டி நட்டம் குறைவு" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு நம்மை உறுத்திற்று. கண்ணெதிரே பொன்போல் விளைந்து கிடக்கும் பொருளைச் செடியிலேயே வாடவிடுவது லாபமென்றால், அது என்ன கணக்கு? வைகாசியில் வாடவிட்ட அதே பூவுக்குத் தை மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய் என்றால், அந்தப் பணம் யார் வீட்டில் மாடியாக எழும்புகிறது? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். அன்று கற்றதை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலை யார் கையில்?

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். மல்லிகையின் விலையைத் தோட்டக்காரர் நிர்ணயிப்பதில்லை.

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியுமுன்பே சென்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கங்களிலிருந்தும், அண்டை மாவட்டங்களான திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கையிலிருந்தும் பூமூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அன்றைய வரத்து எவ்வளவு, அடுத்த நாள் முகூர்த்தமா, கோயில்களில் விசேஷமா என்பதைப் பார்த்துக் கமிஷன் கடைகளில் விலை முடிவாகிறது. நம் மாணவர் தமது இருபது கிலோவையும் கொண்டுவந்தாலும் விலை இறங்கப்போவதில்லை. கோபித்துக்கொண்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் ஏறப்போவதில்லை. சமுத்திரத்தில் ஒரு குடம் நீர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இத்தகைய சந்தையைப் பொருளாதார நூல்கள் 'நிறைவுப் போட்டி' என்று சொல்லுகின்றன. பலர் விற்கிறார்கள், பலர் வாங்குகிறார்கள், சரக்கு ஏறக்குறைய ஒரே தரம், தனி ஒருவரால் விலையை அசைக்க முடியாது. அப்படிப்பட்ட சந்தை புத்தகத்தில்தான் உண்டு என்று சிலர் சொல்வார்கள். மாட்டுத்தாவணியில் அதற்கு வெகு அருகில் வந்த ஒரு சந்தை தினமும் விடியற்காலையில் கூடுகிறது.

மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும், நீண்ட காம்பும், தனி மணமும் கொண்ட இந்தப் பூவின் பெயரை வேறு ஊர்க்காரர் தம் சரக்கின்மீது ஒட்டிக்கொள்ளக்கூடாது என்பது அதன் பயன். பெயருக்கு அது காவல், விலைக்கு அல்ல.

வேறொரு தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மதுரையிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய நூலாலை எழும்பியது. நூல் விலை இறங்கினால் ஆலைக்காரர் சரக்கைக் கிடங்கில் பூட்டிவைத்து நல்ல காலம் வரும்வரை காத்திருக்கலாம். மல்லிகைக்குக் கிடங்கு ஏது? ஐஸ் பெட்டியில் வைத்தால் வெளிநாடு போய்ச் சேரும் வரை தாங்கும், அதற்குமேல் தாங்காது. இன்று விற்காத மொட்டு நாளை பூ. நாளை மறுநாள் குப்பை.

ஆகவே தோட்டக்காரர் கையில் இருப்பது விலையல்ல. இன்று பறிப்பதா விடுவதா, எவ்வளவு பறிப்பது, இந்தச் செடியை வைத்திருப்பதா பிடுங்குவதா என்ற மூன்று கேள்விகளே அவர் கையில் இருக்கின்றன.

கரும்பலகைக் கணக்கு

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை செலவில் இருக்கிறது. ஆனால் செலவு என்பது ஒரே இனமல்ல.

கணக்குச் சுலபமாயிருக்கும் பொருட்டு நாம் முழு எண்களாக வைத்துக்கொள்வோம். இவை எந்தத் தோட்டத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. வாத்தியாரின் கரும்பலகைக் கணக்கு. வழிதான் முக்கியம், தொகையல்ல.

அரை ஏக்கர் தோட்டம். ஆண்டுக்கு 1,500 கிலோ பூ. கிணறு வெட்டிய கடனுக்கு வட்டி, வேலி, உரம், மொட்டுப்புழுவுக்கு மருந்து, கவாத்துக் கூலி, தோட்டக்காரர் தம் உழைப்புக்கு வைத்துக்கொள்ளும் கூலி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,35,000 ரூபாய். பூப்பறிக்கக் கிலோவுக்கு 80 ரூபாய். சாக்கும் பஸ் சுமைக்கூலியும் 10 ரூபாய். விற்ற தொகையில் கமிஷன் கடைக்கு நூற்றுக்குப் பத்து.

இப்போது பாருங்கள். அந்த 1,35,000 ரூபாய் பறித்தாலும் உண்டு, பறிக்காவிட்டாலும் உண்டு. பூ அரும்பி நிற்கும் காலையில் அது செலவாகிவிட்ட பணம், அல்லது எப்படியும் செலவாக வேண்டிய பணம். இதை மாறாச் செலவு என்பார்கள். பறிகூலியும் சுமைக்கூலியும் கமிஷனும் அப்படியல்ல. பறித்தால் உண்டு, பறிக்காவிட்டால் இல்லை. இவை மாறும் செலவு.

கிலோ 200 ரூபாய்க்கு விற்றால் கமிஷன் 20, பறிப்பும் சுமையும் 90, போக மீதி 90. ஆயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு இது 1,35,000 ரூபாய். மாறாச் செலவு அணாப்பைசா பாக்கியில்லாமல் தீர்ந்துவிட்டது. ஆகவே சராசரியாகக் கிலோவுக்கு 200 ரூபாய் கிடைத்தால் இந்தத் தோட்டம் பிழைக்கும்.

ஒரு நாள் விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "அடக்கவிலை இருநூறு, விற்கும் விலை நூற்றைம்பது. கிலோவுக்கு ஐம்பது நஷ்டம். பறிக்காதே!" என்று சொல்லத் தோன்றும். நம் பள்ளிக்கூடத்தில் நன்றாய்ப் படித்த பிள்ளைகள்கூட இப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கமிஷன் 15, பறிப்பும் சுமையும் 90, ஆக 105 போனால் கையில் 45 ரூபாய் நிற்கிறது. இருபது கிலோவுக்கு 900 ரூபாய். பறிக்காவிட்டால் கையில் நிற்பது பூஜ்யம். கிணற்றுக் கடன் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே, ஏட்டில் நஷ்டமானாலும் பறிக்க வேண்டும்.

விலை 80 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 8, பறிப்பும் சுமையும் 90, ஆகச் செலவு 98. கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் கையைக் கடிக்கிறது. இருபது கிலோவைப் பறித்தால் 360 ரூபாய் போய்விடும். அன்று வாசனையை மட்டும் அனுபவித்துவிட்டுப் பூவைச் செடியிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லை எங்கே? நூறு ரூபாயில். நூறு விற்றால் கமிஷன் 10, மற்றவை 90; சரிக்குச் சரி. நூற்றுக்குக் கீழே விடு. நூற்றுக்கு மேலே பறி. இருநூறு சராசரியாய் வந்தால்தான் நிலைத்துப் பிழை. வைகாசியில் நம் மாணவர் சொன்ன, "பறிக்காட்டி நட்டம் குறைவு" என்ற வாக்கியத்தின் பொருள் இதுதான்.

நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. "அப்படியானால் விலை எல்லைக்குக் கீழே போன நாளிலும் சந்தையில் பூ விற்கிறார்களே, அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?" என்று கேட்டோம்.

"தெரியுங்கய்யா. ஆனா பறிக்கிற நேரத்துல விலை தெரியாதே! இருட்டோட பறிச்சு, மூட்டை கட்டி, மாட்டுத்தாவணியில போய் நின்ன பிறகுதானே விலை தெரியும்? அப்ப பறிகூலியும் கொடுத்தாச்சு. அறுபதுக்குக் கேட்டாலும் கொடுத்துட்டுத்தான் வரணும், திருப்பிக் கொண்டாந்தா மாடு திங்கும்" என்றார்.

எவ்வளவு நுட்பமான விஷயம்! பறிப்பதற்கு முன் பறிகூலி மாறும் செலவு. பறித்த பின் அதுவும் கிணற்றுக் கடனோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு செலவு எந்த இனம் என்பது ரூபாயில் இல்லை. நாம் தீர்மானம் செய்யும் நேரத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். விலை எல்லைக்குச் சற்றுக் கீழே போனாலும் சில நாள் பறிக்கத்தான் செய்கிறார். ஏனெனில் பூப்பறிக்கும் பெண்களை இரண்டு நாள் வேண்டாமென்று அனுப்பினால் மூன்றாம் நாள் அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். முகூர்த்த நாளில் விலை ஏறும்போது ஆள் கிடைக்காது. இன்றைய சிறு நஷ்டம் நாளைய ஆளுக்குக் கொடுக்கும் அச்சாரம். ஏட்டுக் கணக்கில் இடம்பெறாத இந்த வரியையும் அவர் மனக்கணக்கில் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

கடைசிக் கிலோ

பறிப்பது என்று தீர்மானித்தாயிற்று. எவ்வளவு பறிப்பது?

"இருப்பதெல்லாம்" என்று விடை சொல்லத் தோன்றும். ஆனால் தோட்டத்தில் எல்லா மொட்டும் ஒரே செலவில் கைக்கு வருவதில்லை. கிணற்றடியில் செழித்த செடிகளில் கைவைத்த இடமெல்லாம் மொட்டு. விரைவில் மடி நிறைந்துவிடும். மேட்டுப் பக்கத்துச் செடிகளில் தேடித் தேடிப் பறிக்க வேண்டும். அங்கே ஒரு கிலோவுக்கு ஆகும் நேரம் அதிகம்; பறிப்பவர்கள் கூலியும் கூடக் கேட்பார்கள். வெயில் ஏறிவிட்டால் மொட்டின் பளபளப்புக் குறையும். சந்தையில் நல்ல விலையின் நேரமும் தவறிவிடும்.

முதல் கிலோவுக்கு ஆகும் செலவு ஒன்று, கடைசிக் கிலோவுக்கு ஆகும் செலவு வேறொன்று. கடைசியாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் தன் செலவைத் தானே சம்பாதித்துக் கொடுக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். கொடுக்கும்வரை பறிக்கலாம், கொடுக்காத இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். 'இறுதிநிலைச் செலவு' என்று கல்லூரிகளில் மாணவர்களை மிரட்டும் பதம் இவ்வளவுதான். நம் மாணவர் அந்தப் பதத்தைச் சொல்லவில்லை. "மலிவுக் காலத்துல மேட்டுப் பாத்தியத் தொடமாட்டோம், மார்கழியில ஒத்த மொட்டையும் விடமாட்டோம்" என்றார். அதே பாடம், மொழிதான் வேறு.

இரண்டாயிரம் ரூபாயின் மர்மம்

இனி நம் வீட்டு அம்மாளின் மாடிவீட்டுக்கு வருவோம்.

மல்லிகை வெயிலை விரும்பும் செடி. பங்குனி தொடங்கிக் கோடை முழுவதும் பூத்துக் கொட்டும். கார்த்திகையில் கவாத்து, பனிக்காலத்தில் மொட்டு அருமையிலும் அருமை. அந்தச் சமயத்தில்தான் பொங்கலும், தை முகூர்த்தங்களும் வருகின்றன. கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய நாட்களும் உண்டு.

கோடையில் விலை 200. தோட்டத்தில் 20 கிலோ. விற்றுமுதல் 4,000 ரூபாய். கமிஷன் 400, பறிப்பும் சுமையும் 1,800 போக மீதி 1,800. தையில் விலை 2,000. தோட்டம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினால் ஒரு கிலோ. விற்றுமுதல் 2,000, கமிஷன் 200, தேடிப் பறித்த கூலியும் சுமையும் 200 என்று வைத்துக்கொண்டால் மீதி 1,600. விலை பத்து மடங்கு ஏறியும், அன்றைய வருமானம் கோடை நாளைவிட இருநூறு ரூபாய் குறைவு!

நாம் கடையில் காண்பது கிலோவின் விலை. தோட்டக்காரர் வீட்டுக்குப் போவது கிலோவின் விலையல்ல. விலையை எடையால் பெருக்கிச் செலவைக் கழித்த மீதி. விலை உயர்ந்த நாளே விற்க ஒன்றும் இல்லாத நாள். மாடிவீடு எழும்பாததன் மர்மம் இதுதான்.

சிலர் கவாத்தை முன்கூட்டியே செய்து, பனிக்காலத்தில் நாலு மொட்டு அதிகமாய் எடுக்க முயல்கிறார்கள். அதற்கு உரமும் நீரும் கவனிப்பும் கூடுதலாய் வேண்டும். அந்தக் கூடுதல் செலவை அந்த நாலு மொட்டுச் சம்பாதித்துக் கொடுக்குமா என்பதே அங்கும் கேள்வி. கணக்கு மாறவில்லை.

எல்லை தெரிந்த வருஷம்

இந்தக் கணக்கைக் கொடுமையான முறையில் ஊரறியச் செய்த ஆண்டு 2020. கொள்ளைநோயின் காரணமாக அவ்வாண்டு மார்ச் 25-ஆம் தேதி முதல் நாடெங்கும் ஊரடங்கு. கோயில்கள் மூடின, கல்யாணங்கள் வீட்டுக்குள் அடங்கின. மதுரைச் சித்திரைத் திருவிழாவே நின்றுபோயிற்று. மீனாட்சி திருக்கல்யாணத்தைக் கோயிலுக்குள் சில அர்ச்சகர்கள் நடத்த, ஜனங்கள் வீட்டிலிருந்தபடி திரையில் பார்த்தார்கள். செடிகளுக்கு ஊரடங்கு தெரியுமா? அவை வழக்கம்போல் பங்குனி, சித்திரையில் பூத்துக் குலுங்கின. வாங்குவாரில்லை. தோட்டம் தோட்டமாகப் பூக்கள் செடியிலேயே மலர்ந்து செடியிலேயே உதிர்ந்தன.

மலிவுக் காலத்தில் பூ விலைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்பவை சென்ட் கம்பெனிகள். உதிரிப்பூவை வாங்கி, கரைப்பானில் ஊறவைத்து, வாசனை மெழுகை எடுத்து வெளிநாட்டு வாசனைத் தொழில்களுக்கு அனுப்புகிறார்கள். ஆயிரம் கிலோ பூவிலிருந்து இரண்டு கிலோ மெழுகுகூடத் தேறாது. ஆகவே அவர்களால் பெரிய விலை கொடுக்க முடியாது. ஆனால் அவர்கள் கொடுக்கும் விலை பறிகூலிக்குச் சற்று மேலே இருந்தால் பூ பறிக்கப்படுகிறது. சற்றுக் கீழே போனால் பூ உதிர்கிறது. ஆயிரக்கணக்கான கூலிப்பெண்களின் அன்றைய அடுப்பு எரிவதும் எரியாததும் அந்தச் 'சற்றி'ல்தான் இருக்கிறது.

அப்பா வைத்த செடி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் மார்ஷல் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட பொருளாதார நூலில், விலையை ஆராயும்போது காலத்தைப் பகுத்துப் பார்க்க வேண்டுமென்று சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று மீன் வியாபாரம். ஒரு நாள் கணக்கில், வந்து இறங்கிய மீனை வந்த விலைக்கு விற்றாக வேண்டும். கொஞ்சம் நீண்ட காலத்தில், இருக்கும் படகுகளைக் கொண்டே அதிகமாகவோ குறைவாகவோ பிடிக்கலாம். மிக நீண்ட காலத்திலோ, புதுப் படகு கட்டலாமா, தொழிலையே விட்டுவிடலாமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. அப்போது மாறாச் செலவு என்று ஒன்று இல்லை. எல்லாச் செலவும் மாறும் செலவே.

மல்லிகையும் அப்படித்தான். ஒரு செடி ஏறக்குறையப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் நன்றாய்ப் பூக்கும். நாலு வருஷம் நல்ல விலை கிடைத்தால் அண்டை அயலார் எல்லாரும் இராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து பதியன்களை வாங்கிவந்து நடுவார்கள். ஏக்கருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு செடிக்குமேல் பிடிக்கும். இரண்டு, மூன்று ஆண்டில் அவையெல்லாம் பூக்கத் தொடங்கும், வரத்துப் பெருகும், விலை இறங்கும். இறங்கி, கடைசியில் செலவுக்கும் உழைப்புக்கும் சரிக்குச் சரியான இடத்தில் நிற்கும். அதற்கும் கீழே போனால் சிலர் செடியைப் பிடுங்குவார்கள், வரத்துக் குறையும், விலை ஏறும். யாருடைய சதியும் இதில் இல்லை. ஆயிரம் குடும்பங்கள் தனித்தனியே தத்தம் திண்ணையில் போட்ட கணக்கின் கூட்டுத்தொகை இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் மாணவரும் தம் திண்ணையில் அத்தகைய கணக்கில்தான் இருந்தார். தோட்டத்தில் பாதி, அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் நட்டது. வயது பதினைந்தாகிவிட்டது, பூ வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அதைப் பிடுங்குவதா என்று தாயாருக்கும் மகனுக்கும் சில மாதங்களாக வாக்குவாதம். மனை போட்டு விற்பவர்கள் வேறு இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

தாயார் நம்மிடம் முறையிட்டார். "நீங்களே சொல்லுங்க, வாத்தியாரய்யா. இவுக அப்பா கடன் வாங்கி வச்ச செடி. அம்புட்டுக் காசையும் பாடுபட்டுக் கொட்டின தோட்டத்தைப் பிடுங்கலாமா?"

மகன் மெதுவாகச் சொன்னார்: "கொட்டின காசு மண்ணுக்குள்ள போயிருச்சு, ஆத்தா. பிடுங்கினாலும் வராது, வச்சிருந்தாலும் வராது. இனிமே போடறதும் இனிமே வர்றதும்தான் கணக்கு."

அவர் போட்ட கணக்கின் வழியை மறுபடியும் கரும்பலகை எண்களில் சொல்கிறோம். அந்தப் பழைய பாதியில் பறிகூலி, சுமைக்கூலி, கமிஷன் போக ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதற்கு ஆண்டுதோறும் புதிதாகப் போடவேண்டிய உரம், மருந்து, கவாத்துச் செலவு 30,000. ஒவ்வொரு நாளும் பறிப்பது லாபமாகவே தோன்றும். ஆனால் ஆண்டு முடிவில் பத்தாயிரம் குறையும். நாள் கணக்குப் 'பறி' என்கிறது. வருஷக் கணக்குப் 'பிடுங்கு' என்கிறது. இரண்டும் சரிதான். இரண்டும் வேறு கேள்விகளுக்கு விடை.

இதோடு முடியவில்லை. அதே நிலத்தையும் அதே உழைப்பையும் வேறொன்றில் போட்டால் என்ன கிடைக்கும் என்பதும் செலவில் சேர்ந்ததே. அதை 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். கையைவிட்டுப் பணமாகப் போகாததால் பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். நம் மாணவர் எழுதியிருந்தார்: தம் கூலி, நிலத்தின் குத்தகை, மனையாக விற்றால் வரும் தொகைக்கு வட்டி எல்லாம். மனைக் கணக்குப் பார்த்தால் மல்லிகை தோற்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"பின் ஏன் விற்கவில்லை?" என்று கேட்டோம்.

"கிணத்துல தண்ணி இருக்குங்கய்யா. ஆத்தாவுக்கு இந்தத் தோட்டம்தான் பொழுது. அதுக்கு நான் கொடுக்கிற விலை இம்புட்டுன்னு தெரிஞ்சுதான் கொடுக்கிறேன்" என்றார்.

கணக்கு மனிதனை ஆளவேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. தாயாரின் பொழுதுக்கும் தகப்பனாரின் நினைவுக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பதும் நியாயமே. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது வேறு. தெரியாமல் ஆண்டுதோறும் இழந்துவிட்டு விதியை நோவது வேறு.

முடிவில் பழைய பாதியைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பதியன் வைப்பதென்றும், மனைக்காரரைத் திருப்பி அனுப்புவதென்றும் தீர்மானமாயிற்று. தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கிணத்தடியில நிக்கிற அந்த ஒரு செடிய மட்டும் விட்டுரு; அது அவுக கையால வச்ச முதச் செடி" என்றார். மகன் தலையசைத்தார். ஒரு செடிக்கு உரச் செலவு எவ்வளவு என்று நாமும் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

இதில் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு என்ன பாடம்? சிறு உற்பத்தியாளர் தனித்தனியே நின்றால் விலையை அசைக்க முடியாது. ஆனால் பலர் கூடினால் செலவை அசைக்கலாம். சேர்ந்து வண்டி வைத்தால் சுமைக்கூலி குறையும். விடியுமுன் சந்தை விலை கைப்பேசியில் வந்துவிட்டால் வீண் பறிப்புக் குறையும். சென்ட் கம்பெனியோடு கூட்டாக ஒப்பந்தம் பேசினால் மலிவுக் கால விலை சற்று உயர்ந்து நிற்கும். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும், பறிப்பதா விடுவதா என்ற எல்லைக்கோடு கீழே இறங்கும். இன்று உதிரும் பூவில் ஒரு பங்கு நாளை விற்பனையாகும். உழவர் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கோடு இந்தச் செலவுக் கணக்கையும் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டுமென்பது நமது ஆசை.

வீடு திரும்பி எல்லாவற்றையும் விவரித்தோம். நம் வீட்டு அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா வைகாசியில பூ மலிவா இருக்கிறப்போ ரெண்டு முழம் கூடவே வாங்கலாம்னு சொல்லுங்க!" என்றார்.

பொருளாதாரத்தில் தேவை என்ற மறுபாதியை நாம் சொல்ல மறந்துவிட்டோம். அதை அவர் நினைவூட்டிவிட்டார்.